சித்தப்பா வீட்டில் தரை மூன்று இடத்தில் இறங்கியது

2024 பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் தையல் மெஷின் இருந்த மூலையைச் சித்தி காட்டினார். சுவரோடு ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸ் அப்படியே இருக்கிறது, அதன் கீழே தரை மட்டும் இறங்கியிருக்கிறது. நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்துத் தள்ளினேன், முழுசாக உள்ளே போய்விட்டது. "பல்லி, கரப்பான் எல்லாம் இங்கேதான் குடித்தனம்" என்றார் சித்தி.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா பின்பக்கம் கூப்பிட்டார். துணி துவைக்கும் இடத்தில் வாட்டம் மாறி, தண்ணீர் வடிகால் வாயில் உள்ள ஜாலியை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாகத் தேங்கி நிற்கிறது. முன்பக்கம் கார் நிறுத்தும் தளமோ ஒரு மூலையில் நன்றாகவே சாய்ந்திருந்தது. அந்தத் தளத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கட்டட வேலையில் பதினாலு வருஷமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். இறங்கிய தரையை உடைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், மேலே கலவை போட்டு மட்டம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரே வீட்டின் மூன்று பள்ளங்களை மாதக்கணக்கில் அளந்து பார்த்து முடிவெடுத்தது இதுதான் முதல் தடவை.

வீடு ஏன் இவ்வளவு உயரம்

சென்னை மேடவாக்கம் பக்கம் அரை கிரவுண்ட் (1,200 சதுர அடி) மனை. 2017இல் கட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பார்த்தபிறகு வாங்கிய மனை என்பதால், பேஸ்மென்ட் உயரத்தில் சித்தப்பா விட்டுக்கொடுக்கவே இல்லை. பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, பத்து வருஷத்தில் பக்கத்து வீட்டின் இரண்டு வாசற்படிகள் தெரு மட்டத்துக்குக் கீழே போனதையும் அவர் பார்த்திருந்தார். அதனால் மனை மட்டத்திலிருந்து நாலரை அடி ஏற்றிவிட்டார். சென்னையின் தென்பகுதியில் இப்போது இதுதான் வழக்கம். ஏற்கெனவே கட்டிய வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாலரை அடி ஏற்றினால் நாலரை அடிக்கு மண் நிரப்ப வேண்டும். வீட்டு விலையைப் பேசுகிற யாரும் இந்த மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. தரை, டைல்ஸ், சோபா, பீரோ எல்லாம் உட்காருவது அதன் மேலேதான்.

அந்தப் பகுதி களிமண் என்பதால் அஸ்திவாரத்துக்கு அண்டர் ரீம்ட் பைல் போட்டிருந்தார்கள். மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அடியில் குடம் போல அகன்று நிற்கும் காங்கிரீட் தூண் அது. கரிசல் மண்ணுக்காக ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை, இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதியில் இதற்கான விதிகள் இருக்கின்றன. பைல், அதன் மேல் பிளிந்த் பீம் (சுவரைத் தாங்கும் காங்கிரீட் உத்தரம்), பீம் மேல் சுவர். ஆக, வீட்டின் எடை ஆழத்துக்குப் போய்விடுகிறது. தரைக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. பீம்களுக்கு நடுவில் கொட்டிய மண்ணின் மேல் 4 அங்குல ஜல்லி காங்கிரீட், அதன் மேல் டைல்ஸ். வீடு நிற்கும், தரை இறங்கும். ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே தீப்பெட்டி நுழைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

மண்ணை எப்படி நிரப்பினார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அடித்தளம் தோண்டி எடுத்த களிமண், எங்கோ இடித்த வீட்டின் ரப்பிஷ் நாலைந்து லோடு, கடைசியில் அரை அடிக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்து அரைத்த மணல்). எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொட்டி, தண்ணீரைக் கட்டிவிட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, மேலே ஜல்லி போட்டுவிட்டார்கள்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் பேஸ்மென்ட் நிரப்புவதற்கு ஒரு வரி உண்டு: 20 செ.மீ.க்கு மிகாத அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். நாலரை அடிக்கு ஏழு அடுக்கு வரும். இங்கே போட்டது ஒரே அடுக்கு. தண்ணீர் கட்டிவிட்டால் மண் தானாக இறங்கிவிடும் என்பது ஆற்று மணலுக்கு ஓரளவு பொருந்தும். தண்ணீர் வடியும்போது மணல் துகள்கள் நெருங்கி உட்காரும். களிமண் கட்டிகளை ஊறவைத்தால் மேற்பரப்பு சேறாகி மட்டமாகத் தெரியும், கட்டிகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் அப்படியே இருக்கும். அது மெதுவாக மூடிக்கொள்ள வருஷங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருக்க யாருக்கும் தெம்பில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நான் போனில் சொன்ன வைத்தியம்

வெட்கத்துக்கு வருகிறேன். 2021இல் கார் நிறுத்தும் தளம் ஒரு மூலையில் ஓர் அங்குலம் இறங்கியபோது சித்தப்பா எனக்குப் போன் செய்தார். நான் வேறு ஊரில் இருந்தேன். போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பழைய தளத்தைக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் அடித்து, மேலே பொடி ஜல்லி காங்கிரீட்ல மட்டம் பண்ணிடுங்க சித்தப்பா" என்றேன். அப்படியே செய்தார்கள். இறங்கிய மூலையில் 2 அங்குலம், மறுமுனையில் ஒன்றுமில்லாமல் கத்தி முனை போல முடிகிற பூச்சு.

முதல் மழைக்காலத்திலேயே அந்தக் கத்தி முனை செதில் செதிலாகப் பெயர்ந்தது. காங்கிரீட்டை அவ்வளவு மெல்லிசாக இழுத்து முடித்தால் அது நிற்காது. அதில் ஓடும் ஜல்லியின் அளவுக்குக்கூட அங்கே கனம் இல்லை. இரண்டு வருஷத்தில் மூலை மேலும் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியது.

மேலே ஏற்றிய எடைதான் தளத்தைக் கீழே அழுத்திவிட்டது என்று பலரும் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 10 அடிக்கு 18 அடி தளம், சராசரியாக ஓர் அங்குலப் பூச்சு என்றால் ஏறக்குறைய ஒரு டன். ஒரு சின்னக் காரை நிரந்தரமாக நிறுத்திவைத்ததற்குச் சமம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் சதுர மீட்டருக்குப் பிரித்தால் 60 கிலோதான். அந்த இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நிரப்பியிருந்த மண்ணின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 1,800 கிலோவைத் தாண்டும். அதோடு பார்த்தால் பூச்சின் எடை மூன்று சதவீதம். கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இறங்கியது ஏன் அந்த மூலை மட்டும் என்று கேட்டிருக்க வேண்டும்.

இறங்கியது தரையா, வீடா

முதல் வேலை இதைப் பிரிப்பதுதான். அஸ்திவாரம் இறங்கியிருந்தால் தரையைச் சரிசெய்வதற்கு அர்த்தமே இல்லை.

டியூப் லெவல் ஒன்று போதும். நிறமில்லாத பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டோம். அந்தக் கோட்டிலிருந்து ஜன்னல் அடிக்கட்டை வரை அளந்தால் வீடு முழுக்க 4 மி.மீ.க்குள் வித்தியாசம். கட்டும்போதே கொத்தனார் கையில் வருகிற வித்தியாசம் அது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் ஒன்றுகூட இல்லை. கதவுகள் எதுவும் நிலையில் உரசவில்லை. ஆக, சுவர்கள் இடத்தைவிட்டு அசையவில்லை. இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் யாராவது உங்கள் தரையைத் தூக்கித் தருகிறேன் என்று வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதே கோட்டிலிருந்து தரைக்கு 3 அடிக்கு ஓர் இடமாக அளந்து கிராப் தாளில் குறித்தோம். ஹால் மூலை 18 மி.மீ., துவைக்கும் இடம் 32, கார் தளத்தின் மூலை (2021இல் ஏற்றியது போக) 30.

அடுத்து, தட்டிப் பார்த்தல். கூப்பிட்டிருந்த மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். கடப்பாரையின் தலைப்பக்கத்தால் தரையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் சத்தம் செத்துப்போகும், பொக்கையான இடத்தில் பானையைத் தட்டியது போல ஒலிக்கும். சாக்பீஸால் எல்லை வரைந்தால் ஹால் மூலையில் 6 அடிக்கு 8 அடி. டைல்ஸ் மட்டும் பசை விட்டிருக்கிறதா, தளத்துக்கே அடியில் வெற்றிடமா என்பது சத்தத்தில் தெரியாது. டைல்ஸ் இணைப்பில் 12 மி.மீ. துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டுப் பார்த்தோம். தளத்துக்கு அடியில் சராசரி 35 மி.மீ. காலி. தரை 18 மி.மீ. இறங்கியிருக்கிறது, மண் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இறங்கிவிட்டது. மீதி தூரத்துக்குத் தளம் பாலம் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மேல எத்தன போட்டாலும் கீழ இருக்கிற மண்ணு கேக்காது சார்" என்றார் மேஸ்திரி. 2021இல் மேலே போடச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. சித்தப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மாதக் கோடுகள்

அன்றே வேலையை ஆரம்பித்துவிடலாம் என்றுதான் சித்தப்பா நினைத்தார். நான் ஜூன் வரை பொறுக்கச் சொன்னேன். மூன்று இடத்திலும் சுவரில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. மாதம் ஒருமுறை சித்தி அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். தையல் தெரிந்தவர், டேப் பிடிக்கிற கை. என் சைட்டில் இருக்கும் பசங்களைவிட ஒழுங்காக அளந்தார்.

இந்த ஆய்வில் உருப்படியான பகுதி எது என்று கேட்டால் அந்த ஐந்து மாதம்தான். ஹால் மூலை மொத்தமே 1 மி.மீ. நகர்ந்தது. துவைக்கும் இடம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை என்று, மழை வெயில் பார்க்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. கார் தளம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அசையவே இல்லை. கோடையில் ஒரு பெரிய மழை வந்தது, அந்த வாரத்தில் மட்டும் 4 மி.மீ.

மூன்றும் ஒரே மண், ஒரே வருஷம், ஒரே கை நிரப்பியது. ஆனாலும் மூன்றும் மூன்று மாதிரி நடந்துகொண்டன. தினமும் இறங்குவது தினமும் ஓடுகிற தண்ணீரால். மழைக்கு இறங்குவது மழைத் தண்ணீரால். சும்மா இருப்பது, இறங்க வேண்டியதை இறங்கி முடித்துவிட்டது.

துவைக்கும் இடத்தின் சாக்கடைக் குழாயைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே சேம்பரில் (சாக்கடைக் குழாய் வந்து விழும் தொட்டியில்) குழாய் வாயைத் துணிப்பந்தால் இறுக்கி அடைத்துவிட்டு, உள்ளே ஜாலி வரை தண்ணீர் நிரப்பினோம். பத்து நிமிஷத்தில் ஒரு சாண் இறங்கியது. பின்னால் உடைத்தபோது பார்த்தோம்: பிளிந்த் பீமைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் குழாயின் இணைப்பு கழன்றிருந்தது. பீம் அசையாது, குழாய் படுத்திருந்த மண் இறங்கும். நடுவில் மாட்டிய இணைப்பு என்ன செய்யும்? முதலில் மண் இறங்கிக் குழாயைப் பிரித்தது, பிறகு குழாய் மண்ணைக் கரைத்தது. வாஷிங் மெஷின் ஓடிய ஒவ்வொரு நாளும் இது நடந்தது.

கார் தளத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. மொட்டை மாடி ஏறக்குறைய 700 சதுர அடி. அதன் மழைத் தண்ணீர் முழுக்க ஒரே குழாயில் இறங்கி, தளத்தின் அந்த மூலையை ஒட்டியிருந்த மழைநீர் சேகரிப்புக் குழியில் விழுகிறது. 10 செ.மீ. மழை பெய்தால் 6,500 லிட்டர், ஒரு சின்னத் தண்ணீர் லாரி அளவு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனால் இந்தக் குழியை வெறும் செங்கல் சில்லும் பெரிய ஜல்லியும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். ஜல்லிக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் நடுவில், மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணி கிடையாது. குழி நிரம்பி வடியும் ஒவ்வொரு முறையும் தளத்துக்கு அடியில் இருந்த எம்-சாண்டும் நைந்த மண்ணும் ஜல்லி இடுக்குக்குள் ஊர்ந்து போயிருக்கின்றன. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் முதல் வாரத்தில் கொட்டிய மழையில் எவ்வளவு போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 2021இல் நான் போடச் சொன்ன பூச்சு செய்த காரியம் ஒன்று உண்டு: தளத்தின் ஓரத்தில் தெரிந்த பொந்தை அழகாக மூடி, இதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது.

ஆர்வத்தில் மண்ணையும் சோதித்தோம். ஐ.எஸ். 2720 நாற்பதாம் பகுதியில் இருக்கிற உப்பல் சோதனை வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். சலித்த காய்ந்த மண் பத்து கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவையில் போட்டு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. எங்களுக்கு மண்ணெண்ணெயில் 11, தண்ணீரில் 17 மி.லி. வந்தது. பாதிக்கு மேல் உப்புகிற மண். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் இப்படியொரு மண்ணைத் தரைக்கு அடியில் போடவே கூடாது. சோதனையில் கஷ்டமான பகுதி, மண்ணெண்ணெய் தேடி அலைந்ததுதான்.

என்னென்ன வழிகள் இருந்தன

தரையைத் தூக்குவது என்பது கேட்க மாயம் போல இருக்கும், விஷயம் எளிமையானது. 4 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 240 கிலோதான். அதற்கு அடியில் சிமென்ட் குழம்பு பரவி, அது துளைக்குள் தளத்தின் அடிமட்டத்துக்கு மேலே 15 செ.மீ. உயரம் நின்றாலே அந்த எடைக்கு ஈடாகிவிடும். கொஞ்சம் கூடினால் தளம் மிதக்க ஆரம்பிக்கும். அமெரிக்காவில் 1930களிலிருந்து இப்படித்தான் சாலைத் தளங்களையும் வீட்டு நடைபாதைகளையும் தூக்குகிறார்கள். ஒன்றரை, இரண்டு அங்குலத் துளைகள், மண்ணும் சிமென்டும் கலந்த குழம்பு, ஒரு பம்பு. கெடுதல், அந்தக் குழம்பே கனமானது. ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும்.

1970களில் பின்லாந்தில் அதே வேலைக்குப் பாலியூரிதேன் நுரை வந்தது. விரல் கனத் துளை வழியாக இரண்டு திரவங்களைக் கலந்து செலுத்தினால், அடியில் பல மடங்கு பொங்கி, இடுக்குகளில் பரவி, தளத்தைத் தூக்கிவிட்டுச் சில நிமிஷத்தில் இறுகிவிடும். கன மீட்டருக்குச் சில பத்து கிலோதான். நம் ஊரில் தொழிற்சாலைத் தரைகளுக்கும் கிடங்குகளுக்கும் இதைச் செய்கிறார்கள். நிறுத்தாமல் லாரி ஓட வேண்டிய இடத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் சொன்ன குறைந்தபட்சக் கட்டணம், நாங்கள் கடைசியில் மூன்று இடத்துக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட அதிகம்.

பணம் இருந்திருந்தாலும் நான் தயங்கியிருப்பேன். வெட்டவெளியில் இருக்கும் தளம் என்றால் நான்கு பக்கமும் விடுதலையாக எழும்பும். ஹால் தரை சுவர்ப் பூச்சோடும் ஸ்கர்ட்டிங்கோடும் கோர்த்துக்கொண்டு கிடக்கிறது, மேலே டைல்ஸ் வேறு. ஓர் ஓரம் பிடித்துக்கொண்டு மறு ஓரம் எழும்பினால் நடுவில் வெடிக்கும். குழாய் கசிவதையும் குழி மண் தின்பதையும் நுரை நிறுத்தாது என்பது வேறு.

மேலே மட்டக் கலவை ஊற்றுவதைப் பற்றி நான் பேசுகிற நிலையில் இல்லை. தரை இறங்கி முடிந்துவிட்டது, அடியில் வெற்றிடம் இல்லை, முழுப் பரப்புக்கும் சீரான கனம் கிடைக்கும் என்றால் அது நல்ல வேலைதான். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

மீதி இருப்பவை: முழுசாக உடைத்து மண்ணை மாற்றிப் போடுவது, மண்ணையே நம்பாமல் பீமுக்குப் பீம் கம்பி கட்டிய தளம் போடுவது, வெற்றிடத்தை மட்டும் நிரப்பி, இறங்கியதை இறங்கியபடி ஏற்றுக்கொள்வது, காங்கிரீட்டே வேண்டாம் என்று பேவர் பிளாக்குக்குப் போவது. பட்டியலாகச் சொன்னால் எது நல்லது என்றே தெரியாது. சித்தியின் அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எங்கே என்பது தானாகவே விழுந்துவிட்டது.

ஜூலையில் செய்த வேலை

ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் ஜூலையில் ஆரம்பித்தோம்.

துவைக்கும் இடம், 4 அடிக்கு 9 அடி. முழுக்க உடைத்தோம். இரண்டரை அடி வரை சேறு, அதில் சோப்பு வாடை. அள்ளிப் போட்டுவிட்டு, பீம் துளையில் குழாயைவிடப் பெரிய உறை ஒன்றை வைத்து, அதற்குள் குழாயைச் சுற்றி ரப்பர் வளையத்தோடு விட்டோம், இனி ஒன்று அசைந்தால் மற்றது உடையாது. கிராவல் (சரளை மண்) கொட்டி அரை அடிக்கு ஒருமுறை திமிசு. அந்தச் சந்துக்குள் மெஷின் நுழையாது, கைத் திமிசுதான். மேலே 5 அங்குலத்துக்கு ஆர்.சி.சி. (கம்பி கட்டிய காங்கிரீட்) தளம். அகலம் 4 அடிதான் என்பதால், இரு பக்கப் பீமிலும் துளையிட்டுக் கெமிக்கல் வைத்து நட்ட கம்பிகளோடு கட்டிவிட்டால், கீழே மண் நாளைக்கு முழுசாகப் போனாலும் தளம் தாங்கும். குழாயையும் தளத்தின் அடியிலேயே கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டோம். மேஸ்திரிக்கு இது அதிகப்படியாகத் தெரிந்தது. "இத்தனூண்டு எடத்துக்கு இத்தினி கம்பியா சார்" என்று இரண்டு தடவை கேட்டார். ஆறு வருஷமாகத் தண்ணீர் குடித்த மண்ணை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஹாலில் தூக்கவே இல்லை. டைல்ஸை மட்டும் எடுத்துவிட்டு, 3 அடிக்கு ஒன்றாக 25 மி.மீ. துளைகள். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு அனல்மின் நிலையச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்), தயிர் பதத்துக்கு. ஓர் அடி உயரப் புனல் வழியாகத் தானாக இறங்கவிட்டோம், பம்பு எதுவும் இல்லை. ஓர் அடிக்கே தளம் எழும்பிவிடக்கூடும் என்பதால் தரையின் மேல் ரசமட்டம் ஒன்று, அதைப் பார்க்க ஒரு பையன். ஒரு துளையில் ஊற்றியது பக்கத்துத் துளையில் எட்டிப் பார்த்ததும் இதை அடைத்துவிட்டு அதில் ஊற்ற வேண்டும். கணக்குப்படி 160 லிட்டர், போனது 210. களிமண் கட்டிகளின் இடுக்கில் மீதி போயிருக்கும்.

ஊற்றும் நேரம் முழுவதும் பாத்ரூமில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, வெளியே சேம்பரில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தேன். தண்ணீர் கலங்கி வந்தால் உடனே கத்த வேண்டும். உடைந்த சாக்கடைக் குழாய் வழியாகக் குழம்பு உள்ளே புகுந்து இறுகிப்போன வீடு ஒன்றை முன்பு பார்த்திருக்கிறேன். தரையைச் சரிசெய்ய வந்து கழிவறையை மூடியவர்கள் கதை அது.

ஒரு வாரம் கழித்துத் தட்டினால் பானைச் சத்தம் போயிருந்தது. 18 மி.மீ. பள்ளத்தை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கலவையால் மட்டம் பண்ணினோம். ஆம், மேலே கலவை போடுவதுதான். இப்போது அடியில் வெற்றிடம் இல்லை, ஐந்து மாதத்தில் 1 மி.மீ. தாண்டவில்லை, ஸ்கர்ட்டிங் ஓரம்வரை கனமும் கிடைத்தது.

கார் தளத்தை உடைத்து லாரியில் ஏற்றினோம், நான் சொல்லிப் போட்ட பூச்சும் அதோடு போயிற்று. மாடிக் குழாயை மூலையிலிருந்து எடுத்து, கேட்டுக்கு வெளியே இருந்த பழைய பூச்செடிப் பாத்திப் பக்கம் புதுக் குழி வெட்டி, சுற்றிலும் வடிதுணி போர்த்தி ஜல்லி நிரப்பினோம். பழைய குழியைத் தோண்டியபோது ஜல்லிக்கு நடுவில் எம்-சாண்ட் அடைந்து கெட்டியாக இருந்தது. சித்தப்பா ஒரு பிடி எடுத்துப் பார்த்து, "நான் காசு குடுத்து வாங்கின மணல்டா இது" என்றார். தளத்துக்கு 80 மி.மீ. பேவர் பிளாக், கீழே கிராவல், பிளேட் காம்பாக்டர் ஓட்டியது, ஓரம் முழுக்கக் கர்ப் கல். மேற்கொண்டு கொஞ்சம் இறங்கும் என்று தெரிந்தே போட்டது. இறங்கினால் கல்லை எடுத்து மணல் போட்டு மறுபடி வைக்கலாம்.

சித்தி தினமும் கால் தடுக்கிக்கொண்டிருந்த பக்கச் சந்தில் இரண்டு தளங்களுக்கு நடுவே 10 மி.மீ. விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அரை மணி நேரம் டைமண்ட் கப் வீல் போட்ட கிரைண்டர் போதுமாக இருந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும், முகத்தில் நல்ல மாஸ்க் வேண்டும். காங்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை விடாது.

அடுத்த பொங்கல்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையும் வந்து போயிற்று. 2025 பொங்கலுக்குப் போனபோது டியூப் லெவலையும் எடுத்துக்கொண்டு போனேன். துவைக்கும் இடம் அப்படியே. ஹால் அப்படியே. கார் நிறுத்தும் இடத்தில் பழைய குழி இருந்த மூலையில் மூன்று நான்கு பேவர் கற்கள் 8 மி.மீ. இறங்கியிருந்தன. அந்தக் குழியை மூடியபோது திமிசு போட்டது போதவில்லை, அது என் மேற்பார்வைதான். சித்தப்பாவும் நானும் இரண்டு ஸ்குரூடிரைவரால் கற்களை நெம்பி எடுத்து, ஒரு பாண்டு மணல் போட்டு மறுபடி அடுக்கினோம். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஹாலில் ஒரே ஒரு குறை. 2017இல் வாங்கிய டைல்ஸின் அதே ஷேடு இப்போது எங்கும் கிடைக்கவில்லை. மூலையில் 6 அடிக்கு 8 அடி மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. சித்தி அதன் மேல் ஒரு ஜமக்காளத்தை விரித்து, தையல் மெஷினைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டார். சுவர் ஓரத்துப் பென்சில் கோட்டை மட்டும் இந்த முறை வெள்ளையடிக்கும்போதும் அழிக்க விடவில்லையாம். மாதாமாதம் அளவு வாட்ஸ்அப்பில் இன்னும் வருகிறது.